பார்க்க ஆள் வேண்டும் ஜோக்கருக்கு

சார்லி காலின்ஸ் அன்றைய அலுப்பையெல்லாம் சுமந்துகொண்டு காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென்று குறுக்கே புகுந்து அவனை மறிக்கிறது. அடக்கிவைத்த எரிச்சல் அத்தனையும் பொங்க, பக்கத்தில் போய் நாலு வார்த்தை திட்டிவிடுகிறான். திட்டிய பிறகுதான் அந்த முகத்தைப் பார்க்கிறான். சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளை, பச்சை முடி, காது வரை கிழிந்த சிரிப்பு. கோதம் நகரமே பெயரைக் கேட்டால் நடுங்கும் ஜோக்கர்.

உயிரோடு விட வேண்டுமானால் ஒரு சத்தியம் செய் என்கிறான் ஜோக்கர். என்றைக்காவது ஓர் உதவி கேட்பான், அதைத் தட்டாமல் செய்ய வேண்டும். சார்லி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய், பெயரையும் மாற்றிக்கொண்டு வாழ்கிறான். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொலைபேசி ஒலிக்கிறது. கேட்ட உதவி மிகச் சின்னது. காவல்துறை ஆணையர் கார்டனுக்கு நடக்கும் பாராட்டு விருந்தில் ஒரு பெரிய கேக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். கேக்குக்குள் இருப்பது ஜோக்கர்.

கடைசிக் காட்சிக்காகத்தான் இவ்வளவையும் சொன்னேன். ஜோக்கர் தப்பி ஓடும் சந்தில் சார்லி அவனை மறித்து நிற்கிறான். கையில் ஜோக்கரின் ஆயுதங்களிலிருந்தே எடுத்த ஒரு குண்டு. பேட்மேனோடு மோதி, ஊரே பேசும்படி சாவது உன் கனவு, அது நடக்காது என்கிறான் சார்லி. ஒன்றுமில்லாத ஒரு சாதாரண ஆள் இந்தக் குப்பைச் சந்தில் உன்னைக் கொன்றான் என்றுதான் நாளைய பத்திரிகையில் வரும் என்கிறான். துப்பாக்கிக்கும் தீக்கும் அசராத ஜோக்கர் அப்போது அலறுகிறான். யாரைக் கூப்பிட்டு? தன்னைக் காப்பாற்றச் சொல்லிப் பேட்மேனை.

1992 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இந்த அத்தியாயத்தை எழுதியவர் பால் டினி. ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரில் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் நேரத்துக்காக எடுக்கப்பட்ட, அரைமணி நேரத்துக்கும் குறைவான கார்ட்டூன். ஆனால் ஜோக்கரைப் பற்றி வந்த பெரிய படங்கள் பலவும் சுற்றி வளைத்துச் சொல்வதை அது ஒரே சந்துக்குள் முடித்துவிடுகிறது. இவனுக்குச் சாவைப் பற்றிக் கவலை இல்லை. யாரும் பார்க்காமல் சாவதுதான் அச்சம்.

கார்ட்டூன் வில்லன்களில் பெரும்பாலோர் பணத்துக்கோ உலகத்தை ஆளவோ அலைகிறவர்கள். ஜோக்கரின் பசி வேறு. அவன் கேட்பது பார்வையாளர்களை. இந்தப் பசி ஏதோ ஓர் எழுத்தாளருக்குத் திடீரென்று தோன்றியதும் இல்லை. அவன் பிறந்த முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

1940இன் வசந்த காலத்தில் 10 சென்ட் விலையில் பேட்மேன் இதழின் முதல் எண் வந்தது. பில் ஃபிங்கர், பாப் கேன், ஜெர்ரி ராபின்சன் மூவரின் கைவண்ணம் அது. யார் எதை உருவாக்கினார்கள் என்பதில் அவர்களுக்குள் கடைசிவரை வழக்கு தீரவில்லை. 1928இல் வந்த ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ என்ற மௌனப் படத்தில் நிரந்தரச் சிரிப்போடு நடித்த கான்ராட் வெய்ட்டின் புகைப்படம் முகத்துக்கு மாதிரியானது. இதழின் இறுதியில் ஜோக்கரைச் சாகடித்துவிடத்தான் திட்டம். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தலையிட்டு, அவன் பிழைத்துக்கொள்வான் என்று காட்டும் ஒரு கட்டத்தைச் சேர்க்கச் செய்தார். அந்த ஒரு கட்டம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை.

கதை வீட்டு வானொலியில் தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை இடைமறித்து ஒரு குரல் பேசுகிறது. இன்று நள்ளிரவு 12 மணிக்கு ஹென்றி கிளாரிட்ஜ் என்ற செல்வந்தரைக் கொன்று அவருடைய வைரத்தை எடுப்பேன் என்கிறது. கேட்கிறவர்களில் ஒருவர் இது வெறும் விளையாட்டு என்கிறார். செவ்வாய்க் கிரகக் கதை சொல்லி ஊரைப் பயமுறுத்தியவனைப் போல இவனும் ஒருவன் என்று நினைக்கிறார். அவர் சொல்வது ஆர்சன் வெல்ஸை. 1938 அக்டோபர் 30 அன்று வெல்ஸ் வானொலியில் நடத்திய ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாடகத்தைச் செய்தி என்று நம்பிச் சிலர் கலங்கிப்போன நினைவு அப்போது இன்னும் ஆறவில்லை. வீட்டுக் கூடத்துக்குள் வரும் ஒரு குரலால் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நொடியில் அச்சப்படுத்த முடியும் என்பதை அமெரிக்கா புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த காலம். ஜோக்கர் அந்தப் பாடத்தோடு பிறந்தவன்.

அந்தக் கதையில் நுட்பமான ஒரு விவரம் இருக்கிறது. கிளாரிட்ஜின் வீட்டைக் காவலர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். கடிகாரம் 12 அடிக்கிறது. அவர் அப்படியே விழுந்து சாகிறார், முகத்தில் அந்தக் கோரச் சிரிப்போடு. பிறகுதான் தெரிகிறது: ஜோக்கர் முந்தைய இரவே வந்து, தூங்கிக்கொண்டிருந்தவரின் உடம்பில் விஷத்தை ஏற்றிவிட்டான், வைரத்தையும் அப்போதே மாற்றிவைத்து எடுத்துக்கொண்டான். அப்படியானால் வானொலி அறிவிப்பு எதற்கு? குற்றத்துக்கு அது தேவைப்படவில்லை. திருட்டும் கொலையும் அறிவிப்புக்கு முன்பே முடிந்துவிட்டன. வானொலியால் அவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: கேட்கிறவர்கள்.

1950இல் அமெரிக்க வீடுகளில் சுமார் 9 சதவீதத்தில்தான் தொலைக்காட்சி இருந்தது. 1960இல் அது 87 சதவீதம். ஜோக்கரும் வானொலியை விட்டு அந்தப் பெட்டிக்குக் குடிபெயர்ந்தான், ஆனால் உடனே இல்லை. 1954இல் காமிக்ஸ் துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள் அவனைக் கொலைகாரன் என்ற நிலையிலிருந்து குறும்புக்காரனாக இறக்கிவிட்டிருந்தன. 1966இல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த தொடரில் அவனாக நடித்த சீசர் ரோமெரோ, தன் மீசையை எடுக்க மறுத்து அதன் மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசிக்கொண்டு வந்தார். அந்த விளையாட்டுத் தொடரிலும் பசி மட்டும் மாறவில்லை. நகைச்சுவைக் கலைஞர்களுக்குச் சிலை வைக்கிறார்கள், தனக்கு ஒன்று இல்லையே என்பதுதான் அவனுடைய முதல் கதையில் வரும் கோபம்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1986இல், ஃபிராங்க் மில்லர் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ வரைந்தார். பக்கம் பக்கமாகத் தொலைக்காட்சித் திரை வடிவிலேயே கட்டங்கள். செய்தி வாசிப்பவர்களும் நிபுணர்களும் அவற்றுக்குள்ளிருந்து ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஜோக்கர் ஆண்டுக்கணக்காக ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் அசைவற்றுக் கிடக்கிறான். காப்பகத்தின் டிவியில், ஓய்வுபெற்றிருந்த பேட்மேன் திரும்பி வந்துவிட்டான் என்ற செய்தி ஓடுகிறது. வாய் மெல்ல விரிகிறது. மருந்தாலும் மருத்துவராலும் முடியாததைச் செய்தி செய்துவிட்டது. திருந்திவிட்டதாக மருத்துவரே சான்று தர, அவன் நேராகப் போவது ஓர் இரவு நேர அரட்டை நிகழ்ச்சிக்கு. அரங்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அங்கேயே நச்சுப் புகையில் சாகிறார்கள். டிம் பர்டனின் 1989 படத்தில் வரும் ஜோக்கரும் இதே வழிதான்: பேட்மேனுக்குப் பத்திரிகைகள் தரும் இடத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான், ஒளிபரப்பை இடைமறித்துத் தன் விஷத்துக்கு விளம்பரம் செய்கிறான். அழகுசாதனங்களில் விஷம் கலந்திருப்பது தெரிந்தபின் செய்தி வாசிப்பவர்கள் ஒப்பனையே இல்லாத, பருக்கள் தெரியும் முகத்தோடு திரையில் வந்து உட்காரும் ஒரு சிறு காட்சி அந்தப் படத்தில் உண்டு. தொலைக்காட்சியின் முகத்தையே ஒருவன் உரித்துப்போட்டது போல இருக்கும்.

இருந்தாலும் இந்தப் பசியை ஆழமாகத் தோண்டியது 1992இல் தொடங்கிய கார்ட்டூன் தொடர்தான் என்பது என் துணிபு. புரூஸ் டிம்மும் எரிக் ராடோம்ஸ்கியும் அதற்கு வடிவம் தந்தவர்கள். பின்னணிகளைக் கறுப்புத் தாளில் தீட்டச் செய்தார்கள். அதனால் கோதம் எப்போதும் இருட்டிலிருந்து முளைத்தது போலவே இருக்கும். குரல் கொடுத்தவர் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கராக நடித்த மார்க் ஹாமில். குழந்தைகள் நிகழ்ச்சி என்பதால் பிணங்களைக் காட்டத் தடை இருந்தது. அந்தத் தடையே தொடருக்கு வரமாக அமைந்தது என்று நினைக்கிறேன். கொல்ல முடியாத ஜோக்கரை வைத்து என்ன செய்வது? அவனுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எழுத்தாளர்கள் யோசித்தே ஆக வேண்டியிருந்தது.

ஓர் அத்தியாயத்தில் கோதம் துறைமுகத்து மீன்களுக்கெல்லாம் அவனுடைய சிரிப்பு முளைத்துவிடுகிறது. விற்கும் ஒவ்வொரு மீனுக்கும் தனக்கு உரிமைத்தொகை வேண்டும் என்று அரசு அலுவலகத்தில் போய் நிற்கிறான். இயற்கை வளத்துக்குச் சட்டம் அப்படி உரிமை தராது என்று விளக்கிய குமாஸ்தாவை நள்ளிரவில் தாக்குவேன் என்று டிவியில் தோன்றி அறிவிக்கிறான். 1940இன் வானொலி அறிவிப்பு அப்படியே திரைக்கு வந்திருக்கிறது. இன்னோர் அத்தியாயத்தில், கிறிஸ்துமஸ் இரவில் ஆர்க்கம் காப்பகத்திலிருந்து தப்பி, ஊர் முழுவதற்குமான ஒளிபரப்பைக் கைப்பற்றித் தன் பெயரில் சிறப்பு நிகழ்ச்சி நடத்துகிறான். பிணைக்கைதிகளில் ஒருத்தி தொலைக்காட்சிச் செய்தியாளர். குண்டுகளும் பீரங்கியும் எல்லாம் போன பிறகு, அவன் பேட்மேனுக்குத் தரும் கிறிஸ்துமஸ் பரிசு முகத்தில் அப்பும் ஒரு கிரீம் பை. அந்த ஒரு காட்சிக்காகத்தான் அந்த இரவு முழுவதும்.

‘மேட் லவ்’ கதை இன்னும் கசப்பானது. 1994இல் பால் டினியும் புரூஸ் டிம்மும் காமிக்ஸாகச் செய்து ஐஸ்னர் விருது பெற்ற அது, 1999இல் கார்ட்டூனாகவும் வந்தது. ஜோக்கரை உயிருக்குயிராகக் காதலிக்கும் ஹார்லி குவின் தனியாகவே பேட்மேனைப் பிடித்துவிடுகிறாள். ஜோக்கர் என்றைக்கோ போட்டுக் கைவிட்ட திட்டம் அது: பிரானா மீன்கள் நிரம்பிய தொட்டியில் பேட்மேனை இறக்குவது, மீன்களின் சிரிப்பே அவன் கடைசியாகப் பார்ப்பதாக இருக்க வேண்டும் என்பது. மீனின் வாய் கீழ்நோக்கி வளைந்திருப்பதால் அது சரிவரவில்லை. ஹார்லி அதற்கும் வழி கண்டுபிடிக்கிறாள். பேட்மேனைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும், மீன்கள் சிரிப்பது போலத் தெரியும். ஆசையோடு ஜோக்கரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். வந்தவன் அவளை அடித்து, சன்னல் வழியே கீழே தள்ளுகிறான். பேட்மேனைக் கொன்றவள் என்ற பெயர் அவளுக்குப் போய்விடும். அதோடு, விளக்கம் சொல்லிப் புரியவைக்க வேண்டிய நகைச்சுவை நகைச்சுவையே இல்லை. இரண்டு காரணங்களும் ஒன்றுதான். மேடை அவனுடையது, அதில் வேறு யாரும் ஏறக் கூடாது. குடும்ப வன்முறையின் முகத்தை ஒரு கார்ட்டூன் இவ்வளவு நேராகக் காட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்தப் பசிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பார்க்கிறவர்கள் அவன் சொல்லும்போதுதான் சிரிக்க வேண்டும். 2000இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜோக்கர்’ படத்தில் புதிய பேட்மேனான டெர்ரி மெக்கின்னிஸ் என்ற இளைஞன் சண்டைக்கு நடுவே அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். உன் நகைச்சுவை படு மட்டம் என்கிறான். அடி தாங்கிய ஜோக்கரால் அதைத் தாங்க முடியவில்லை. நிதானம் இழக்கிறான், தோற்கிறான்.

2003 டிசம்பரில் ‘ஜஸ்டிஸ் லீக்’ தொடரில் ஒளிபரப்பான ‘வைல்ட் கார்ட்ஸ்’ கதை இதையெல்லாம் தாண்டிப் போகிறது. லாஸ் வேகாஸ் நகரில் ஜோக்கர் குண்டுகளை ஒளித்துவைத்திருக்கிறான். நகரெங்கும் அவனுடைய கேமராக்கள். குண்டுகளைத் தேடி ஓடும் நாயகர்களை நேரலையில் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து வர்ணனை செய்கிறான். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாடே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. குண்டு வைத்தவன் எதற்காக அதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற பழைய கேள்வி இங்கேயும் எழுகிறது. பேட்மேன்தான் விடையைப் பிடிக்கிறான். குண்டுகள் தூண்டில். ஜோக்கரின் கூட்டத்தில் ஏஸ் என்ற சிறுமி இருக்கிறாள். பார்க்கிறவர்களின் மனத்தைக் கலைக்கும் ஆற்றல் அவளுக்கு உண்டு, அது திரை வழியாகவும் பாயும். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனை பேரின் புத்தியும் ஒரே நேரத்தில் போகும். ஆகவே முதலில் கூட்டம் சேர வேண்டும். ரேட்டிங் ஏறுவதற்காகத்தான் அவ்வளவு வாண வேடிக்கையும்.

1977இல் டல்லஸ் ஸ்மைத் என்ற கனடாப் பொருளாதார அறிஞர் வைத்த வாதம் இங்கே நினைவுக்கு வருகிறது. வணிகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை விற்கவில்லை, பார்வையாளர்களைத்தான் விளம்பரதாரர்களுக்கு விற்கிறது என்றார் அவர். நிகழ்ச்சி கடைக்கு ஆள் இழுக்கும் இலவசத் தின்பண்டம் மாதிரி. ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி 1973இலேயே ஏறக்குறைய இதே கருத்தை ஒரு சிறு வீடியோவாக எடுத்திருந்தார். கார்ட்டூனை எழுதியவர்கள் இவர்களைப் படித்தார்களா என்பது முக்கியமில்லை. கூட்டத்தைச் சேர்த்துப் பிறகு அந்தக் கூட்டத்தையே அறுவடை செய்வது என்ற தொழில்நுட்பத்தை, எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும் கதையாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்று கைப்பேசித் திரையில் நம்மைப் பிடித்துவைக்க எதெல்லாம் வீசப்படுகிறது என்று பார்க்கிறவர்களுக்கு அந்தக் கதை பழையதாகவே தோன்றாது.

நிஜ உலகம் இதைக் கதைகளுக்கு வெளியிலும் பார்த்தது. 1972 செப்டம்பர் 5 அன்று மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேலிய அணியினர் பிணை பிடிக்கப்பட்டார்கள். மீட்கப் போன காவலர்கள் கூரை மேல் ஏறியதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. பிடித்தவர்களின் அறையிலும் தொலைக்காட்சி இருந்தது. அந்த முயற்சி கைவிடப்பட்டது. அன்றைய தாக்குதலில் இஸ்ரேலியர் 11 பேர் இறந்தார்கள். பயங்கரவாதம் என்பது நாடகம், அதற்குப் பிணங்களைவிடப் பார்வையாளர்களே அதிகம் தேவை என்று ரேண்ட் நிறுவனத்தின் பிரையன் ஜென்கின்ஸ் அடுத்த சில ஆண்டுகளில் எழுதினார். 1940இன் வானொலி அறிவிப்பில் ஜோக்கர் நடத்திக் காட்டியதும் அதுதான்.

இந்த நோய் கேமராவுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் மூத்தது. கி.மு. 356இல் எபேசு நகரின் ஆர்ட்டெமிஸ் கோயிலை ஒருவன் எரித்தான். எதற்காக என்று கேட்டபோது, பெயர் நிலைக்க என்றான். அவன் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று எபேசு மக்கள் முடிவெடுத்தார்கள். தியோபோம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்ததால் பெயர் தப்பிவிட்டது. நான் இங்கே அதை எழுதப் போவதில்லை.

செய்தியை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மியூனிக்கில் நடந்ததை உலகம் அறிந்தே ஆக வேண்டும். எத்தனை பேர் இறந்தார்கள், யார் அவர்கள், காவல்துறை எங்கே தவறியது, எல்லாம் எழுதப்பட வேண்டும். கொலைகாரன் எழுதிக் கொடுத்த காட்சி வரிசையில், அவன் கேட்ட கோணத்தில், அவன் முகத்தை நடுவில் வைத்து அதைக் காட்டுவதுதான் அவனுக்குப் பட்டுக் கம்பளம் விரிக்கும் வேலை. ஜோக்கரின் சிரிப்பு காலண்டர்களிலும் சட்டைகளிலும் ஏறியிருக்கும் காலத்தில் சார்லி காலின்ஸை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அந்தச் சந்தில் அவன் கையிலிருந்த குண்டு கடைசியில் வெறும் விளையாட்டுப் பொருளாக முடிகிறது. ஜோக்கரை அலறவைத்தது அவன் சொன்ன நாளைய தலைப்புச் செய்திதான்.

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் தொழ வந்தவர்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் தலையில் கேமரா மாட்டி அதை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஓடவிட்டான். நான்கு நாள் கழித்து நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன், அவன் பெயரைத் தான் ஒருபோதும் சொல்லப் போவதில்லை என்றார். இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2020 ஆகஸ்டில் தண்டனை விசாரணை நடந்தபோது, நீதிமன்றத்துக்குள்ளிருந்து உடனுக்குடன் செய்தி வெளியிட ஊடகங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. உயிர் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் உறவினர்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, அவன் முகத்துக்கு நேராக, மூன்று நாட்கள் பேசினார்கள். அவன் எதுவும் பேசவில்லை. ஆகஸ்ட் 27 அன்று, பரோலே இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த நாட்டில் அப்படியொரு தண்டனை அதுவே முதல் முறை.